நிற்கத் தெரியாத குதிரை



சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு நாம எல்லாரும் எத்தனையோ தடவை போயிருப்போம். அங்கே நூற்றுக்கால் மண்டபத்தில் முதலில் எல்லாரும் பார்ப்பது கல் சங்கிலியைத்தான். அடுத்த தடவை போகும்போது தூண்களில் இருக்கும் குதிரைகளையும் பாருங்க. முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு, மேலே வீரனைச் சுமந்துகொண்டு, இப்பவே பாயப் போற மாதிரி நிற்கும். நூற்றாண்டுகளாக அப்படியே நிற்கின்றன. அது கல்லுக் குதிரை, அதனால் கால் வலிக்காது.

உயிருள்ள குதிரையின் கால் எப்படிப்பட்டது? இந்தக் கேள்வி எனக்கு வந்தது ஒரு டி.வி. படத்தைப் பார்த்த பிறகுதான். விடுமுறையில் சித்தப்பா வீட்டில் கம்ப்யூட்டரில் பார்த்தேன். படத்தின் பெயர் "ரஃபியன்". அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டு ஏ.பி.சி. தொலைக்காட்சிக்காக எடுத்த படம். இயக்குநர் ஈவ் சிமோனோ. குதிரையின் பயிற்சியாளராக சாம் ஷெப்பர்ட் நடித்திருந்தார். இது கற்பனைக் கதை இல்லை, உண்மையாகவே வாழ்ந்த ஒரு பந்தயக் குதிரையின் வாழ்க்கையும் மரணமும்.

படம் முடிந்ததும் எனக்கு அழுகையை விட ஒரு சந்தேகம்தான் பெரிசா இருந்தது. "கால்தானே உடைஞ்சுது? கட்டுப் போட்டா சரியாயிடாதா? ஏன் செத்துப் போகணும்?" மனுஷனுக்குக் கை கால் முறிந்தால் புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு மாசத்தில் நடக்கிறோமே! இதற்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யார் இந்த ரஃபியன்?

"ரஃபியன்" என்றால் முரடன் என்று அர்த்தம். ஆனால் இது ஒரு பெண் குதிரை! 1972 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் உள்ள கிளெய்போர்ன் பண்ணையில் பிறந்தது. கிட்டத்தட்ட கறுப்பு நிறம். பயிற்சியாளர் ஃபிராங்க் ஒயிட்லி. ஓட்டிய ஜாக்கி ஹசின்டோ வாஸ்கெஸ்.

1974 மே மாதம் முதல் பந்தயம். மற்ற குதிரைகளை 15 குதிரை நீளம் பின்னால் விட்டு ஜெயித்தது. ("குதிரை நீளம்" என்பது பந்தய உலகத்து அளவு. மூக்கிலிருந்து வால் வரை ஒரு குதிரையின் நீளம்.) அதற்குப் பிறகும் தோல்வியே இல்லை. மொத்தம் 10 பந்தயம், பத்திலும் வெற்றி. அது மட்டுமல்ல, அந்தப் பத்துப் பந்தயத்திலும் நேரம் குறிக்கும் ஒவ்வொரு இடத்திலும் ரஃபியன்தான் முன்னால் இருந்தது. அதாவது, தனக்கு முன்னால் இன்னொரு குதிரை ஓடுவதை அது பந்தயத்தில் பார்த்ததே இல்லை என்று சொல்லலாம்.

நடுவில் ஒரு விஷயம் நடந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1974இல் அதன் பின்னங்கால் எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல் விட்டது. பல மாதம் ஓய்வு கொடுத்தார்கள். விரிசல் கூடியது. 1975இல் திரும்பி வந்து, பெண் குதிரைகளுக்கான மூன்று பெரிய பந்தயங்களையும் வரிசையாக ஜெயித்தது. ஆக, குதிரையின் எலும்பு கூடாது என்பது இல்லை. சின்ன விரிசலாக இருந்து, ஓய்வும் கிடைத்தால் கூடும்.

1975 ஜூலை 6

அந்த வருஷம் ஆண் குதிரைகளில் பெரிய பெயர் "ஃபூலிஷ் பிளெஷர்". அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்டக்கி டெர்பியை 1975இல் ஜெயித்த குதிரை. "இரண்டில் எது பெரிசு? பெண்ணா, ஆணா?" என்று பேச்சு கிளம்பியது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1973இல், பில்லி ஜீன் கிங் என்ற பெண் வீராங்கனை பாபி ரிக்ஸ் என்ற ஆண் வீரரை டென்னிஸில் தோற்கடித்திருந்தார். அந்தச் சூடு ஆறவில்லை. குதிரைகளையும் அதே மாதிரி மோதவிட்டுப் பார்க்க எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது.

வேறு குதிரையே இல்லாமல் இவை இரண்டு மட்டும் நேருக்கு நேர். தூரம் ஒன்றேகால் மைல், அதாவது சுமார் 2 கிலோமீட்டர். இடம் நியூயார்க்கில் பெல்மான்ட் பார்க் மைதானம். நேரில் சுமார் 50,000 பேர், டி.வி.யில் சுமார் 2 கோடிப் பேர் பார்த்தார்கள்.

ஒரு வேடிக்கை, வாஸ்கெஸ் இரண்டு குதிரைக்குமே வழக்கமான ஜாக்கி! இரண்டில் ஒன்றைத்தான் ஓட்ட முடியும். அவர் ரஃபியனைத் தேர்ந்தெடுத்தார்.

பந்தயம் ஆரம்பித்தது. முதல் கால் மைலை (சுமார் 400 மீட்டர்) 22 வினாடி சொச்சத்தில் கடந்தன. மணிக்கு 65 கிலோமீட்டர் வேகம்! உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினாரே, அது சராசரியாக மணிக்கு 38 கிலோமீட்டர்கூட இல்லை. ரஃபியன் ஒரு மூக்கு அளவு முன்னால் இருந்தது. முதல் தடவையாகத் தன் பக்கத்திலேயே இன்னொரு குதிரை விடாமல் வருகிறது.

அரை மைல்கூட ஆகவில்லை. ரஃபியனின் வலது முன்னங்காலில் இரண்டு சின்ன எலும்புகள் முறிந்தன. வாஸ்கெஸ் உடனே கடிவாளத்தை இழுத்து நிறுத்தப் பார்த்தார். குதிரை நிற்கவில்லை. உடைந்த காலோடு ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் எலும்பு இன்னும் நொறுங்கியது, தோல் கிழிந்தது, காயத்தில் மண் புகுந்தது. ஃபூலிஷ் பிளெஷர் தனியாக ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டியது. அதை யார் பார்த்தார்கள்? எல்லார் கண்ணும் பின்னால் நின்ற கறுப்புக் குதிரை மேல்தான்.

அன்று ராத்திரியே மருத்துவர்கள் கூடி அறுவை சிகிச்சை செய்தார்கள். காலைச் சேர்த்துக் கட்டும் போட்டார்கள். ஆனால் மயக்கம் தெளியும்போதுதான் பெரிய கொடுமை நடந்தது. ரஃபியன் படுத்த இடத்திலேயே நாலு காலையும் வீசி ஓட ஆரம்பித்தது. அதற்குப் பந்தயம் இன்னும் முடியவில்லை! பிடித்து அடக்க முடியவில்லை. போட்ட கட்டு பாழானது, அடிபட்ட கால் முன்னைவிட மோசமானது. இனி வழியில்லை என்று ஜூலை 7 விடியும் முன்பே ஊசி போட்டு அதன் வேதனையை முடித்துவைத்தார்கள். வயது மூன்றுதான்.

குதிரைக் காலுக்குள் என்ன இருக்கிறது?

உங்க நடுவிரலை நீட்டி, அதன் நுனியை மட்டும் டெஸ்க் மேல் ஊன்றிப் பாருங்க. குதிரை நிற்பது இப்படித்தான்! நாம் குதிரையின் "முன்னங்கால் முழங்கால்" என்று சொல்வது உண்மையில் நம்முடைய மணிக்கட்டுக்குச் சமம். அதற்குக் கீழே இருப்பது ஒரே ஒரு விரல், நடுவிரல். குளம்பு என்பது அந்த விரலின் நகம். சுமார் 500 கிலோ உடம்பை நாலு நகத்தின் மேல் வைத்திருக்கிறது குதிரை.

வேகமாக ஓட வேண்டுமென்றால் காலின் நுனி லேசாக இருக்க வேண்டும். அதனால் முழங்காலுக்குக் கீழே சதையே கிடையாது. எலும்பு, நரம்புக் கயிறு மாதிரி தசைநாண், மேலே தோல், அவ்வளவுதான். நம்ம காலில் எலும்பைச் சுற்றிச் சதை மெத்தை இருக்கிறது. அடிபட்டால் அது தாங்கும், அதன் வழியாக ரத்தம் வந்து காயம் ஆறும். குதிரைக்கு அந்த இடத்தில் மெத்தையும் இல்லை, ரத்த ஓட்டமும் குறைவு.

ரஃபியனுக்கு முறிந்தது எந்த எலும்பு தெரியுமா? குளம்புக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் மூட்டின் பின்பக்கத்தில் ஜோடியாக இருக்கும் சின்ன எலும்புகள். பெயர் செசமாய்டு. "எள் போன்றது" என்று அர்த்தம்! (நம்ம முழங்கால் சில்லும் இதே வகை எலும்புதான், உடம்பிலேயே பெரிய "எள்ளு"!) கிணற்றில் கப்பி என்ன வேலை செய்கிறதோ, அதே வேலைதான் இதற்கும். கப்பி மேல் கயிறு ஓடுகிற மாதிரி, இதன் மேல் தசைநாண் ஓடுகிறது. கப்பி உடைந்தால் என்ன ஆகும்? கயிறு தொங்கிப்போகும், வாளி விழுந்துவிடும். செசமாய்டு இரண்டும் உடைந்தால் மூட்டைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை. கால் மடங்கித் தரையைத் தொட்டுவிடும்.

நாலுகால் பாய்ச்சலில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கால் மட்டும் தரையில் இருக்கும் நொடி உண்டு. அப்போது அந்த ஒரு காலில் உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு பாரம் இறங்கும். 500 கிலோ குதிரை என்றால் 1,250 கிலோ! அதைத் தாங்குவது இந்த எள்ளுகளும் கயிறுகளும்தான்.

கட்டுப் போட்டால் என்ன?

இதுதான் என் முதல் சந்தேகம். பதில் மூன்று.

1. படுக்க முடியாது. நமக்குக் கால் முறிந்தால் கட்டிலில் படுத்துக்கொள்வோம். குதிரை நின்றுகொண்டே தூங்கும் பிராணி. கொஞ்ச நேரம் படுக்கும், அவ்வளவுதான். அவ்வளவு எடையோடு நாள் கணக்கில் படுத்தால் அதன் நுரையீரலும் சதையும் அந்தப் பாரத்திலேயே நசுங்கும்.

2. மூன்று காலில் நிற்க முடியாது. அடிபட்ட காலைத் தூக்கிக்கொண்டால் மற்ற கால்களில் பாரம் ஏறும். குளம்பையும் உள்ளே இருக்கும் எலும்பையும் ஒட்ட வைக்கும் மெல்லிய அடுக்கு வீங்கிப் பிரியும். நமக்கு நகம் பெயர்ந்தால் எப்படி வலிக்கும்! அந்தப் பெயர்ந்த நகத்தின் மேலேயே நிற்க வேண்டும் என்றால்? உடைந்த காலால் இல்லாமல், உடையாத காலால் செத்த குதிரைகளும் உண்டு.

3. பயந்தால் ஓடும். இதுதான் முக்கியம். குதிரைக்குக் கொம்பு இல்லை, கூர்நகம் இல்லை. புலி வந்தாலும் சரி, வலி வந்தாலும் சரி, அதற்குத் தெரிந்த ஒரே வழி ஓட்டம். "ஓடினால் கால் போய்விடும்" என்று அதற்கு யாரும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

நம்ம ஊர் ஆட்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். தறியில் பாவு இழை அறுந்தால் என்ன செய்வோம்? தறியை நிறுத்தி, அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போடுவோம். பிறகு ஓட்டுவோம். அறுந்த இழை சேரும், ஆனால் தறி நின்றால்தான் சேரும். ஓடிக்கொண்டிருக்கும் தறியில் முடிச்சுப் போட யாராலும் முடியாது. 1974இல் ரஃபியனின் தறி நின்றது, அதனால் விரிசல் கூடியது. 1975இல் தறி நிற்கவே இல்லை.

உங்களுக்குத் தெரியுமா?

* உலகத்துப் பந்தயக் குதிரைகளான "தரோபிரெட்" ரகம் எல்லாமே தந்தை வழியில் மூன்றே மூன்று ஆண் குதிரைகளின் வம்சம். கிழக்கு நாடுகளிலிருந்து சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவை.

* நம் நாட்டுக்கும் குதிரைகள் கப்பலில் வந்தன என்று பட்டினப்பாலை சொல்கிறது. அதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்தான், நம்ம காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பெரும்பாணாற்றுப்படையில் பாடியவர்!

* 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், சரியாகப் பார்த்துக்கொள்ளத் தெரியாததால் பெரும்பாலும் செத்துவிடுகின்றன என்று எழுதியிருக்கிறார்.

நம் நாட்டில் ஒரு சக்திமான்

"இது அமெரிக்காக் கதை, நமக்கென்ன?" என்று நினைக்காதீர்கள். உத்தரகாண்ட் மாநிலக் காவல்துறையில் சக்திமான் என்ற வெள்ளைக் குதிரை இருந்தது. பந்தயக் குதிரை இல்லை, வேலைக் குதிரை. 2016 மார்ச் 14 அன்று டேராடூனில் ஓர் ஆர்ப்பாட்டத்தின்போது கூட்டத்துக்கு நடுவில் அதன் பின்னங்கால் முறிந்தது. எலும்பைச் சேர்க்க முடியாமல் காலின் கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டுச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். நாடே அதற்காக வேண்டிக்கொண்டது. ஏப்ரல் 20 அன்று சக்திமான் இறந்துபோனது. 1975க்கும் 2016க்கும் நடுவில் 41 ஆண்டுகள். மருத்துவம் எவ்வளவோ வளர்ந்தும், குதிரை எடை குறையவில்லை, அதன் கால் மாறவில்லை.

ஒன்றுமே மாறவில்லையா என்றால், மாறியது. 2006 மே மாதம் பார்பாரோ என்ற பந்தயக் குதிரைக்குப் பின்னங்கால் நொறுங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்ததும் அதை ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியில் மிதவையில் தொங்கவிட்டு மயக்கம் தெளிய வைத்தார்கள். தண்ணீருக்குள் காலை எவ்வளவு உதைத்தாலும் அடிபடாதே! ரஃபியன் பட்ட பாட்டை இப்படித் தடுத்தார்கள். பார்பாரோ எட்டு மாதம் உயிரோடு இருந்தது. கடைசியில் மேலே சொன்ன இரண்டாவது காரணம்தான், அதாவது குளம்பு நோய்தான், 2007 ஜனவரியில் அதைக் கொண்டுபோனது. அதே வருஷம்தான் ரஃபியன் படமும் வந்தது.

இன்னொரு மாற்றமும் உண்டு. ரஃபியனுக்குப் பிறகு அமெரிக்காவில் இப்படி இரண்டு பெரிய குதிரைகளை மட்டும் மோதவிடும் பந்தயங்கள் மீது மக்களுக்கு ஆசை போய்விட்டது.

யார் நிறுத்தியிருக்க வேண்டும்?

நம்ம பக்கத்தில் "ரேஸ்" என்றாலே கிண்டி ஞாபகம்தான் வரும். ரேஸில் சொத்தை விட்டவர்கள் கதையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். தமிழ்நாட்டில் 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் "இது சூதாட்டம் இல்லை, திறமை விளையாட்டு" என்று தீர்ப்பு வந்தது. சூதாட்டமா, திறமையா என்பது மனுஷங்க பணத்தைப் பற்றிய கேள்வி. குதிரையின் காலைப் பற்றிய கேள்வி தனியாக இருக்கிறது.

படத்தைப் பார்த்தவர்கள் "எப்பேர்ப்பட்ட தைரியம்! கால் உடைஞ்சும் ஓடுச்சே!" என்று புகழ்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ரஃபியன் தைரியத்தில் ஓடவில்லை. நிற்கத் தெரியாமல் ஓடியது. "போதும்" என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள். அதுவும் கால் உடைந்த பிறகு இல்லை, அந்தப் பந்தயத்தை ஏற்பாடு பண்ணும் முன்பே.

கடைசியாக ஒன்று. போன விளையாட்டு விழாவில் 1500 மீட்டர் ஓட்டத்தில் நம்ம பையன் ஒருத்தனுக்கு இரண்டாவது சுற்றிலேயே கால் பிசகியது. நொண்டிக்கொண்டே ஓடி முடித்தான். நாம எல்லாரும் எழுந்து நின்று "விடாதே! விடாதே!" என்று கத்தினோம். நானும்தான் கத்தினேன். அதற்குப் பிறகு ஆறு வாரம் அவன் மாடிப்படி ஏறச் சிரமப்பட்டதைத் தினமும் பார்த்தோம். அன்றைக்கு ஒருத்தராவது "நில்லுடா, போதும்" என்று கத்தியிருந்தால்? குதிரைக்கு அது புரியாது. அவனுக்குப் புரிந்திருக்கும்.

ரஃபியனைப் பெல்மான்ட் மைதானத்திலேயே, மூக்கு எல்லைக்கோட்டைப் பார்த்தபடி புதைத்தார்கள். 2023இல் அந்த மைதானத்தைப் புதுப்பிக்கும் வேலைக்காக எச்சங்களை எடுத்து, அது பிறந்த கிளெய்போர்ன் பண்ணைக்கே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். எல்லைக்கோடு இல்லாத இடம். இப்போதாவது அது நிற்கட்டும்.

விடாமுயற்சி நல்லதுதான் நண்பர்களே. ஆனால் வலி வந்தால் நில்லுங்கள். பக்கத்தில் ஓடுபவனுக்கு வலித்தால் நிறுத்துங்கள்!



— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்